உள்ளங்கை அகலத்துல சுருட்டி வச்ச காலம்

போன வருஷம் இஸ்தான்புல் போயிருந்தப்ப ஒரு மியூசியத்துல கூட்டமே இல்லாத ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சேன், அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீளமா தோல் பட்டை மாதிரி ஒண்ணு விரிச்சு வச்சிருந்தாங்க. அகலம் என் உள்ளங்கை அளவுதான். நீளம் ஒரு மீட்டருக்கு மேல இருக்கும். தூரத்துல இருந்து பாத்தப்ப ஏதோ ஜரிகை பார்டர்னு நெனச்சுட்டேன், அவ்ளோ தங்கம். கிட்ட போய் குனிஞ்சு பாத்தா அத்தனையும் கட்டம். பொடிப்பொடியா நூத்துக்கணக்கான கட்டம், ஒவ்வொண்ணுக்குள்ளயும் கருப்பு மையில சிவப்பு மையில ஒத்தை எழுத்து ரெட்டை எழுத்து, கட்டத்தைப் பிரிக்கிற கோடு எல்லாம் தங்கம். மேல தலைப்புப் பகுதில நீலமும் தங்கமுமா கொடி ஓடுது. பக்கத்துல இருந்த அட்டைல "ரூஸ்நாமே, நிரந்தர நாட்காட்டி"ன்னு போட்டிருந்துச்சு.

நான் பதினஞ்சு வருஷமா பிரிண்டிங் லே-அவுட் வேலை பாக்குறேன். அதுல பாதி நாள் டேபிள் போடுறதுதான். ஒரு பக்கத்துல 12 நெடுவரிசை 31 குறுக்குவரிசை உக்கார வைக்கிறதுக்கு எவ்ளோ பாடுன்னு எனக்குத் தெரியும், கம்ப்யூட்டர் இருந்தும் கண்ணு வலிக்கும். இதை ஒருத்தர் நாணல் பேனாவால, கையால, அரிசி அளவு கட்டத்துக்குள்ள எழுதியிருக்கார். அன்னைக்கு அந்தப் பெட்டி முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னேன். ஊருக்கு வந்ததுக்கு அப்புறமும் விடல, ஒரு வருஷமா கிடைச்சதை எல்லாம் படிச்சுட்டு இருக்கேன், அதைத்தான் இங்க கொட்டப் போறேன், நீளமா போகும்.

முதல்ல பேரு. ரூஸ்னா பாரசீகத்துல நாள். நாமேன்னா எழுத்து, ஓலை. நாம ஆபீஸ்ல குடுக்குற ராஜினாமாவுல இருக்குற நாமாவும் இதே நாமேதான். நாள் எழுதின ஓலை, அவ்ளோதான் அர்த்தம். இந்த வகைச் சுருளுக்கு ஒட்டோமன் (பழைய துருக்கிப் பேரரசு) ஊர்ல அடிப்படை போட்டவர்னு எல்லாரும் சொல்றது ஷேக் வெஃபாவை. 1491ல இறந்துபோன சூஃபி பெரியவர், இஸ்தான்புல்ல வெஃபான்னு ஒரு பேட்டையே இன்னைக்கும் அவர் பேர்ல இருக்கு. அவர் போட்ட அட்டவணையைத்தான் அதுக்கப்புறம் முந்நூறு வருஷத்துக்கும் மேல திருத்தித் திருத்தி நகல் எடுத்துட்டே இருந்தாங்க. 18ஆம் நூற்றாண்டுல தாரெந்தே ஊர்க்காரர் ஒருத்தர் புதுசா கணக்கு போட்டார், அந்த வகைக்குத் தாரெந்தெவின்னே பேரு. சுருட்டி, சின்ன உருளை டப்பாக்குள்ள போட்டு, மடியிலயோ இடுப்புலயோ வச்சுக்குவாங்க. வேணும்கிறப்ப எடுத்து, வேணும்கிற கட்டம் வர்ற வரைக்கும் பிரிச்சா போதும்.

எதுக்கு ஒருத்தருக்கு இதை மடியிலயே வச்சுக்க வேண்டி வந்துச்சுன்னு எனக்கு முதல்ல புரியல. அப்புறம் அவங்க கடிகாரம் எப்படி ஓடுச்சுன்னு படிச்சப்ப எல்லாம் விளங்கிடுச்சு. அங்க நாள் ஆரம்பிக்கிறது சூரியன் மறையறப்ப. மறையுற நேரம்தான் 12 மணி. தினமும் சாயங்காலம் கடிகாரத்தைத் திருப்பி 12ல வைக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க, இஸ்தான்புல்ல ஜூன் கடைசில பகல் சுமார் 15 மணி நேரம், ராத்திரி 9 மணி நேரம். அந்தி சாயுறப்ப 12ன்னு வச்சா, சூரியன் உதிக்கிறப்ப கடிகாரம் 9 காட்டும், உச்சி வெயில் நாலரைக்கு வரும். டிசம்பர்ல அப்படியே தலைகீழ், ராத்திரி 15 மணி நேரம், அதனால உதயம் 3 மணிக்கு, உச்சி ஏழரைக்கு. மதியத் தொழுகை எப்பன்னு கேட்டா வருஷத்துல ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில். அந்தப் பதில் எல்லாம்தான் அந்தப் பொடிக் கட்டத்துல இருக்கு. விடியலுக்கு முன்னாடி நோன்புக்குச் சாப்பாட்டை நிறுத்துற நேரம், உச்சி, பிற்பகல், ராத்திரித் தொழுகை, மாசம் மாசமா நாள் நாளா.

எண்ணும் எண்ணா எழுதல, எழுத்தா எழுதியிருக்காங்க. அலிஃப்னா 1, பே 2, ஜீம் 3, தால் 4, அப்படியே போய் யே 10, காஃப் 20. பதினஞ்சு எழுதணும்னா யேயும் ஹேயும் சேத்து ஒரே கூட்டெழுத்து. ஒரு இணைய ஆவணக் காப்பகத்துல ஸ்கேன் ஒண்ணு கிடைச்சுது, ஜூம் பண்ணி ஒரு மார்ச் மாசத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் ஆச்சு. உச்சிவேளைக் கட்டம் வரிசையா மேல இருந்து கீழ 6ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுட்டே வருது, பகல் நீளுறது அப்படியே கண்ணுக்குத் தெரிஞ்சுது, அந்த நிமிஷம் மேலெல்லாம் சிலிர்த்துடுச்சு.

இதை விட எனக்குப் புடிச்சது எட்டு வருஷக் கணக்கு. முஸ்லிம்களோட ஹிஜ்ரி வருஷம் பிறையை வச்சு ஓடுறது, 354 நாள், சில வருஷம் 355. எட்டு வருஷத்துல மூணு வருஷத்துக்கு மட்டும் ஒரு நாள் கூட்டுனா மொத்தம் 2835 நாள் வரும். அதை 7ஆல வகுத்துப் பாருங்க. சரியா 405 வாரம், மிச்சமே இல்ல! அதாவது எட்டு வருஷம் ஆனதும் கிழமை எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வந்துடும். இன்ன மாசம் முதல் நாள் என்ன கிழமைன்னு தெரிஞ்சுக்க எட்டே எட்டு வரிசை போதும், வருஷா வருஷம் புதுச் சுருள் வாங்க வேண்டியதில்ல. நிஜமான பிறைக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு நாள் வித்தியாசம் வர்றதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல ஆகும். ஒரு மனுஷன் ஆயுசுக்கு ஒரு சுருள் தாராளம். டேபிள் போட்டே வாழ்க்கை ஓட்டுறவங்களுக்குத்தான் இந்தச் சந்தோஷம் முழுசா புரியும்னு நெனைக்கிறேன், எட்டு வரிசைல ஆயுசு பூரா அடங்குறதுன்னா சும்மாவா.

அப்புறம் பருவம். பிறை வருஷம் பயிருக்கு ஒத்து வராதே, வருஷத்துக்கு 11 நாள் முன்னாடி நகந்துட்டே இருக்கும். அதனால சுருள்ல சூரிய மாசமும் கூடவே ஓடும். மே 6 வாக்குல ஹிஸிர் நாள், அன்னைக்குக் கோடை ஆரம்பம். நவம்பர் 8 வாக்குல காசிம் நாள், அன்னைல இருந்து குளிர்காலம், கப்பல் கரை சேந்துடணும். டிசம்பர் கடைசில இருந்து 40 நாள் கடுங்குளிர், அதுக்கப்புறம் 50 நாள் இளங்குளிர். பிப்ரவரி 20ல ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒண்ணா மூணு தணல் விழுமாம், ஜெம்ரேன்னு பேரு, முதல்ல காத்துல, அப்புறம் தண்ணில, கடைசியா மண்ணுல. அது விழுந்த இடம் சூடாகும். மார்ச் நடுவுல திடீர்னு திரும்பி வர்ற குளிருக்குக் கிழவிக் குளிர்னு பேரு. துருக்கில வயசானவங்க இன்னைக்கும் ஜெம்ரே விழுந்துடுச்சான்னு பேசிக்கிறாங்க. தொழுகை நேரம் எழுதின அதே தோல்ல, அதே தங்கக் கோட்டுக்கு நடுவுல, மண்ணு எப்ப சூடாகும்னும் எழுதி வச்சிருந்திருக்காங்க.

வேலைப்பாடு பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். தாளா இருந்தா முதல்ல முட்டை வெள்ளைக்கருவும் படிகாரமும் கலந்து பூசிக் காய வச்சு, வழவழப்பான கல்லால தேய்ப்பாங்க. அப்பதான் மை உள்ள ஊறாம மேலயே நிக்கும், தப்பா எழுதிட்டா ஈரத்துணியால துடைச்சு எடுத்துடலாம். தங்கம்னா தங்கத் தகட்டை வேலம் பிசின்லயோ தேன்லயோ போட்டு, பீங்கான் கிண்ணத்துல விரலாலயே மணிக்கணக்கா குழைச்சு, பிசினைக் கழுவி எடுத்த தூள். அதைத் தூரிகைல தொட்டுப் பூசி, காஞ்சதும் அகேட் கல்லால மெருகு ஏத்துவாங்க. நான் பாத்த சுருள்ல மெருகு ஏத்துன தங்கமும் ஏத்தாம மங்கலா விட்ட தங்கமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, தலையை லேசா சாய்ச்சா ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு எரியுது. கோட்டுக்கு வெளிய ஒரு சின்னக் கருப்புக் கோடு காவல் மாதிரி ஓடும். தங்கம் வழிஞ்ச இடமே இல்ல.

ஐரோப்பாக்காரங்களுக்கும் இது மேல கிறுக்கு பிடிச்சிருக்கு. 1676ல ஜெர்மனில ஆக்ஸ்பர்க் ஊர்ல வெல்ஷ்னு ஒரு டாக்டர், தன் கைக்கு வந்த ரூஸ்நாமே ஒண்ணைத் தகட்டுல செதுக்கி அச்சுப் போட்டு, கட்டம் கட்டமா விளக்கம் எழுதி லத்தீன்ல ஒரு புஸ்தகமே கொண்டு வந்தார்.

இது பொதுவா எல்லாரும் வச்சுக்கிட்ட நிரந்தரச் சுருள். இன்னொண்ணு இருக்கு, தக்வீம், அது வருஷா வருஷம் புதுசா கணக்கு போட்டு சுல்தானுக்குக் குடுக்குறது. அதைப் போடுறது முனெஜ்ஜிம்பாஷி, அதாவது தலைமை ஜோசியர். இந்த இடத்துலதான் நிறைய பேர் சிரிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறாங்க. மூடநம்பிக்கை, அரண்மனை ஜோசியக்காரன், காசுக்கு நல்ல வார்த்தை சொல்றவன்னு. எனக்கு அது வருத்தமா இருக்கு, ஏன்னா அந்த ஆள் என்ன வேலை பாத்தார்னு யாரும் பாக்குறதே இல்ல.

அவர் மதரஸால முழுப் படிப்பு முடிச்ச ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். நிர்வாகத்துல தலைமை வைத்தியருக்குக் கீழ வர்ற உத்தியோகம். அவருக்குக் கீழ ரெண்டாவது ஜோசியர், நாலஞ்சு எழுத்தர். 15ஆம் நூற்றாண்டுக் கடைசில சுல்தான் இரண்டாம் பயெஸீத் காலத்துல உருவான பதவி, 1924 வரைக்கும் இருந்துச்சு, மொத்தம் 37 பேர் அதுல உக்காந்திருக்காங்க. ரம்ஜானுக்கு நோன்பு நேர அட்டவணை போடுறது அவர். மசூதிகள்ல நேரம் பாத்துச் சொல்ற முவக்கித்களுக்கு மேல இருக்குறவர் அவர். கிரகணம் கணக்கு போடுறது அவர். சுல்தான் பட்டம் ஏற, படை கிளம்ப, கப்பல் கடல்ல இறங்க, கல்யாணத்துக்கு, அஸ்திவாரம் போட, புது வஸீர் (மந்திரி) கைல முத்திரை குடுக்க நல்ல நேரம் குறிக்கிறதும் அதே மனுஷன்தான், அதே அட்டவணையை வச்சுத்தான். சந்திரன் இன்னைக்கு ராத்திரி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாதான் ரெண்டு வேலையும் நடக்கும். ஒண்ணு அறிவியல் ஒண்ணு ஜோசியம்னு நடுவுல கோடு போட்டது நாம, அவங்க மேஜைல அந்தக் கோடு இல்ல.

தக்வீம் அரண்மனைக்குப் போற நாள் நவ்ரூஸ், மார்ச் 21, சூரியன் மேஷத்துல நுழையுற நேரம். குளிர்காலம் முழுக்கக் கணக்கு போட்டு, எழுதி, தங்கம் பூசி, சுல்தானுக்கு ஒண்ணு, அவர் அம்மாவுக்கு ஒண்ணு, தலைமை வஸீருக்கு ஒண்ணு, இப்படித் தனித்தனிப் பிரதி. பதிலுக்கு நவ்ரூஸ் பக்ஷீஷ் கிடைக்கும். அன்னைக்கே தலைமை வைத்தியரும் மூலிகையும் வாசனைச் சரக்கும் போட்டுக் கிண்டுன நவ்ரூஸ் லேகியத்தைக் கொண்டு வருவார், அதை எந்த நேரத்துல வாயில வைக்கணும்னு ஜோசியர் குறிச்சுக் குடுத்த சீட்டு பாத்திரத்து மேல இருக்கும்.

உள்ள என்ன இருக்கும்னா, முதல்ல அந்த வருஷப் பிறப்போட ஜாதகக் கட்டம். அப்புறம் ஆள் ஆளுக்குப் பலன். சூரியன் சுல்தானுக்கு, வியாழன் மார்க்க அறிஞர்களுக்கு, செவ்வாய் படைக்கு, புதன் எழுத்தர் கணக்கருக்கு, சுக்கிரன் பெண்களுக்கும் பாட்டுக்காரங்களுக்கும், சனி விவசாயிக்கும் வயசானவங்களுக்கும். கோதுமை விலை, மழை, நோய், எல்லைல சண்டை. அதுக்கப்புறம் நாள் நாளா கட்டம், சந்திரன் எந்த ராசில, அன்னைக்கு எது பண்ணலாம் எது கூடாது. ரத்தம் எடுக்க, புதுத்துணி உடுத்த, ஹமாம்ங்கிற பொதுக் குளியலறைக்குப் போக, பயணம் கிளம்ப, நகம் வெட்ட. சந்திரன் விருச்சிகத்துல இருந்தா அதுக்குக் கமர் தர் அக்ரெப்னு பேரு, பயணமும் கல்யாணமும் வேண்டாம். கடைசில எல்லாம் அறிஞ்சவன் அல்லாஹ்ன்னு ஒரு வரி. அந்த வரியை நான் சும்மா சடங்குக்குப் போட்டதா நெனைக்கல. ஜோசியன் சொன்னது பலிச்சாலும் அது பொய்தான்னு அரபில ஒரு பழமொழி அப்ப எல்லார் வாயிலயும் இருந்துச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவுல உக்காந்துதான் அவர் வருஷா வருஷம் எழுதினார்.

பழைய தக்வீம்ல இன்னொரு பகுதி இருக்கு, எனக்கு ரொம்ப நெருக்கமானது. இரண்டாம் முராத் காலத்து, 15ஆம் நூற்றாண்டு முதல் பாதித் தக்வீம்கள்ல இருக்குறது. ஆதம் பிறந்து இத்தனை வருஷம் ஆச்சு, நூஹ் காலத்து வெள்ளம் வந்து இத்தனை வருஷம், நபி ஹிஜ்ரத் பண்ணி இத்தனை வருஷம்னு வந்துட்டே, அப்படியே நடப்புக் காலத்துக்கு இறங்கி, இன்ன கோட்டை புடிச்சு இத்தனை வருஷம், இன்ன பூகம்பம் வந்து இத்தனை வருஷம்னு பட்டியல் போகும். தேதி போட மாட்டாங்க, இன்னைல இருந்து பின்னாடி எண்ணுவாங்க. ஒட்டோமன்களோட ஆரம்பகால வரலாறு எழுதுறவங்களுக்கு இன்னைக்குக் கைல இருக்குற மிகப் பழைய ஆதாரங்கள்ல இந்தப் பட்டியல் ஒண்ணு. நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லப் போட்ட தாளு, நேத்து என்ன நடந்துச்சுன்னு நமக்குச் சொல்லிட்டு இருக்கு.

காலக்கணக்கு தப்பினா என்ன ஆகும்னு ஒரு உதாரணம். வரி வர்றது அறுவடையை வச்சு, சூரிய வருஷக் கணக்குல. ஜானிஸரி படைக்குச் சம்பளம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பிறை மாசக் கணக்குல. 32 சூரிய வருஷம் போறதுக்குள்ள 33 பிறை வருஷம் போயிடும். அதாவது 33 வருஷச் சம்பளம் குடுக்கணும், கஜானாக்கு வந்தது 32 வருஷ வரி. வரவே இல்லாத அந்த ஒரு வருஷத்துக்கு சிவிஷ் வருஷம்னே பேரு. சம்பளம் தட்டுப்பட்டா ஜானிஸரிங்க சும்மா இருக்க மாட்டாங்க, வஸீர் தலை போயிருக்கு, சுல்தான் பதவியே போயிருக்கு. நம்ம பட்டா, சிட்டால எல்லாம் பசலி வருஷம்னு ஒண்ணு போடுவாங்கல்ல, அது முகலாயர்கள் இதே சிக்கலுக்குக் கண்டுபிடிச்ச வழிதான்.

சரி, ஜோசியம் பலிச்சுதா? ஒரு சட்டையைப் பத்திச் சொல்றேன். டோப்காபி அரண்மனைல ஜெம் சுல்தானுக்குத் தைச்ச மந்திரச் சட்டை ஒண்ணு இருக்கு. இரண்டாம் மெஹ்மெத்தோட பையன். சட்டை முழுக்கக் குர்ஆன் வசனமும் எண் கட்டமும். அதை எழுத ஆரம்பிச்ச நேரம் சட்டைலயே குறிச்சிருக்கு, 1477 மார்ச் 30, சூரியன் மேஷத்துல 19ஆவது பாகை. முடிச்சது 1480 மார்ச் 29. சூரியன் சுத்தி வந்து அதே இடத்துல நிக்குற நாளாப் பாத்து, மூணு வருஷம் உக்காந்து ஒரு சட்டை எழுதியிருக்காங்க. அடுத்த வருஷமே அப்பா இறந்தார், அண்ணன் பயெஸீத்கூட நடந்த சண்டைல ஜெம் தோத்தார், ஊர் ஊரா கைதியா இருந்து 1495ல நேப்பிள்ஸ்ல செத்துப்போனார். அந்தச் சட்டை உடுத்தாத மாதிரியே புதுசா இருக்குன்னு ஃபோட்டோ பாக்குறப்ப தோணும். எழுதினவர் மேல எனக்குக் கோபம் வரல. மூணு வருஷம் ஒருத்தரோட உசுரைக் காப்பாத்தணும்னு குனிஞ்சு எழுதின கை அது.

ஜெயிச்ச அண்ணன் பயெஸீத்துக்கு நட்சத்திரம் மேல தனி ஆசை. அவருக்குப் பாடம் சொன்ன மீரிம் செலெபி, அலி குஷ்ஜியோட வம்சத்துப் பேரன். அலி குஷ்ஜி சமர்கந்துல, அந்த ஊரை ஆண்ட வானியலாளர் உலுக் பெக் கூட வானம் பாத்தவர். 1437ல அங்க போட்ட உலுக் பெக் அட்டவணைதான் இஸ்தான்புல் தக்வீமுக்கு எல்லாம் மூலம்.

அந்த அட்டவணைல பிழை சேந்துடுச்சு, புதுசா அளக்கணும்னு சொன்னவர்தான் தகியுத்தீன். டமாஸ்கஸ்ல 1526ல பிறந்தவர், 1571ல முனெஜ்ஜிம்பாஷி ஆனார். தலைமை வஸீர் சொகொல்லு மெஹ்மெத் பாஷா ஆதரவுல, மூன்றாம் முராத் காசு குடுத்து, இஸ்தான்புல்ல தோப்ஹானே மேட்டுல ஒரு வானாய்வுக் கூடம் கட்டினாங்க, 1577ல தயார். உள்ள பெரிய பெரிய கருவி, வினாடி காட்டுற கடிகாரம். 1581ல போட்ட ஒரு அரச காவியத்துல அந்தக் கூடத்தோட ஓவியம் இருக்கு, பாத்ததில்லன்னா தேடிப் பாருங்க. தலைப்பாகை கட்டின ஒரு டஜனுக்கு மேல ஆளுங்க ஒரே ரூம்ல நெருக்கி உக்காந்திருக்காங்க, ஒருத்தர் நட்சத்திர உயரம் அளக்குற ஆஸ்ட்ரோலேப் புடிச்சிருக்கார், ஒருத்தர் எழுதுறார், மேஜைல கடிகாரமும் மணல் கண்ணாடியும், கீழ ஒரு பூமி உருண்டை. யாரும் நம்மளைப் பாக்கல. எல்லாரும் வேலைல இருக்காங்க.

கூடம் தயாரான அந்த 1577லயே நவம்பர்ல பெரிய வால்நட்சத்திரம் வந்துச்சு. டென்மார்க்குல வானியலாளர் டைக்கோ பிராஹே பாத்ததும் அதே நட்சத்திரம்தான். தகியுத்தீன் ராத்திரி ராத்திரியா பாத்து, இது நல்ல சகுனம், பாரசீகத்து மேல வெற்றின்னு சொன்னார். அடுத்த வருஷம் போர் ஆரம்பிச்சு ஓரளவு ஜெயமும் வந்துச்சு. ஆனா கொள்ளைநோயும் வந்துச்சு. பெரிய ஆளுங்க அடுத்தடுத்து செத்தாங்க. 1579 அக்டோபர்ல சொகொல்லுவைக் குத்திக் கொன்னாங்க, காப்பாத்த ஆள் இல்ல. ஷேக்குல் இஸ்லாம், அதாவது ராஜ்ஜியத்தோட தலைமை மார்க்க அதிகாரி, காதிஸாதே அஹ்மத், வானத்து ரகசியத்தைத் தோண்டுற ராஜ்ஜியம் உருப்படாதுன்னு சுல்தான் காதுல போட்டார். 1580 ஜனவரி 22, கடற்படைத் தளபதியை அனுப்பி இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. கட்டி முடிச்சு மூணு வருஷம்கூட ஆகல. தகியுத்தீன் 1585ல இறந்தார்.

மதம் அறிவியலை அழிச்சுதுன்னு ஒரே வரில இதை முடிச்சுடுறவங்க கிட்ட நான் ஒண்ணு கேக்கணும். இடிச்ச அதே மூன்றாம் முராத், ரெண்டே வருஷம் கழிச்சு 1582ல, தன் பொண்ணுங்க ஆயிஷாவுக்கும் ஃபாத்திமாவுக்கும் ஆளுக்கொரு ஜோசியப் புஸ்தகம் செய்யச் சொன்னார். பன்னெண்டு ராசியும் தங்கத்துல, ஒவ்வொரு பக்கமும் கண்ணைப் பறிக்கும். ஒண்ணு பாரிஸ்ல இருக்கு, ஒண்ணு நியூயார்க்ல. நட்சத்திரம் மேல அவருக்கு நம்பிக்கை போகவே இல்லையே. புதுசா அளக்க இருந்த இடத்தைத்தான் இடிச்சார், பழைய பலனைத் தங்கத்துல எழுத வச்சுக்கிட்டார். எனக்கு அதுதான் தாங்கல. கருவி இல்லாமப் போனதுல தகியுத்தீனுக்குப் பின்னாடி வந்த ஜோசியருங்க வேற வழியில்லாம 1437 அட்டவணையையே திரும்பத் திரும்பப் போட்டாங்க. 1800 வரைக்கும். கிட்டத்தட்ட 360 வருஷப் பழைய எண்ணு.

அந்த நாற்காலில உக்காந்தவங்க நிம்மதியா இருந்ததாவும் தெரியல. ஹுசெயின் எஃபெந்தின்னு ஒருத்தர் மூணு சுல்தான் பாத்தவர், அரசியல்ல ரொம்ப உள்ள போய், 1650ல தலை போச்சு. சலோனிகால பிறந்த அஹ்மத் தெதே வேற மாதிரி ஆள். நான்காம் மெஹ்மெத்துக்கு ஜோசியர், அரபில பெரிய உலக வரலாறு எழுதினவர். 1687ல சுல்தானை இறக்கினதும் இவரையும் எகிப்துக்கு அனுப்பிட்டாங்க, 1702ல மெக்காவுல இறந்தார். இன்னைக்கும் வரலாற்றுக்காரங்க அவரை மேற்கோள் காட்டுறாங்க.

18ஆம் நூற்றாண்டுல மூன்றாம் முஸ்தஃபா, பிரஷ்யா ராஜா ஃபிரெட்ரிக் கிட்ட தூதர் மூலமா மூணு நல்ல ஜோசியர் அனுப்பச் சொன்னதா ஒரு கதை சொல்வாங்க. வரலாறு படிக்கிறது, நல்ல படை, நெறஞ்ச கஜானா, என்கிட்ட இருக்குற மூணு ஜோசியர் இவங்கதான்னு பதில் வந்துச்சாம். எல்லாரும் இந்தக் கதையோட நிறுத்திடுவாங்க. ஆனா அதே முஸ்தஃபா காலத்துலதான், 1772ல, பிரெஞ்சு வானியலாளர் காஸினியோட அட்டவணையைக் கல்ஃபாஸாதே இஸ்மாயில்னு ஒருத்தர் துருக்கியத்துக்குக் கொண்டு வந்தார். 1800ல இருந்து தக்வீம் போட்டது அதை வச்சுத்தான். தகியுத்தீன் கேட்ட திருத்தம், ரெண்டு நூற்றாண்டு தாண்டி பாரிஸ் வழியா வந்து சேந்துச்சு.

1868ல இஸ்தான்புல்ல மறுபடி ஒரு வானாய்வுக் கூடம் வந்துச்சு, 1909 கலவரத்துல அதுவும் உடைஞ்சு, 1911ல ஃபாத்தின் எஃபெந்தி பொறுப்புல காந்தில்லி மேட்டுக்குப் போச்சு. பழைய தக்வீம், ரூஸ்நாமே, வானியல் சுவடி எல்லாம் அவர் தேடித் தேடி அங்க சேத்தார், அந்தத் தொகுப்பு 2001ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல ஏறிடுச்சு. கடைசி முனெஜ்ஜிம்பாஷி ஹுசெயின் ஹில்மி எஃபெந்தி 1924ல இறந்தார், அந்த நாற்காலிக்கு வேற யாரையும் போடல. 1926 ஜனவரி 1ல இருந்து ஊர் முழுக்க ஐரோப்பிய நாட்காட்டி, ஐரோப்பிய மணி. சாயங்காலம் கடிகாரத்தைத் திருப்பி 12ல வைக்கிற வேலை நின்னுடுச்சு.

பேச்சுல மட்டும் ஒண்ணு மிச்சம் இருக்கு. எஷ்ரெஃப் ஸாத், நல்ல நேரம், ஜோசியர் குறிச்சுக் குடுக்குற அந்த வேளை. இன்னைக்குத் துருக்கில ஒருத்தர் கிட்ட ஏதாவது கேக்கணும்னா அவரோட எஷ்ரெஃப் ஸாத் பாத்துக் கேளுன்னு சொல்வாங்க, அவர் நல்ல மனநிலைல இருக்குறப்ப கேளுன்னு அர்த்தம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிச் சுருள்ல நான் கடைசியா கவனிச்சது அதோட ஓரம். மேல தலைப்புத் தங்கம் புதுசு மாதிரி இருக்கு, நடுவுல குளிர்கால மாசத்துக் கட்டங்களுக்குப் பக்கத்துல ரெண்டு ஓரத்துலயும் தங்கக் கோடு தேஞ்சு, தோல் கருத்து, வழவழன்னு ஆயிருந்துச்சு, ரெண்டு கட்டைவிரலும் எங்க அழுத்திப் புடிச்சதோ அங்க. பகல் குறுகி ராத்திரி நீளுற மாசத்துல தொழுகைக்கு நேரமாச்சான்னு ஒருத்தர் தினம் அங்கதான் பிரிச்சுப் பாத்திருக்கார்.